வயல்வெளியிலிருந்து வந்த குரல்கள்: தாய்லாந்து மக்கள் கொண்டாடும் பாடகர்கள் யார்?

இந்தியாவிலிருந்து தாய்லாந்துக்குச் சென்றவர்களின் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டில் 20 லட்சத்தைக் கடந்தது. விசா இன்றிச் செல்லலாம் என்ற சலுகை 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் பாங்காக், புக்கெட், பட்டாயா ஆகிய நகரங்கள் நம்மவர்க்கு மேலும் நெருக்கமாகிவிட்டன. ஆயினும், அந்நாட்டின் கடற்கரைகளும் கோயில்களும் உணவும் தெரிந்த அளவுக்கு அதன் பாடல்கள் இங்கே அறியப்படவில்லை. இளைஞர்களைக் கேட்டால் ‘பிளாக்பிங்க்’ குழுவின் லிசாவைச் சொல்வார்கள். சற்று மூத்தவர்கள், 2004-இல் வெளியான ‘தூம்’ என்ற இந்திப் படத்துக்காக ஆங்கிலத்தில் பாடிய டாட்டா யங்கை நினைவுகூரக்கூடும். அவரும் தாய்லாந்தைச் சேர்ந்தவரே.

ஆனால், பாங்காக்கில் வாடகைக் கார் ஓட்டுபவரிடமோ, உணவகத்தில் பணியாற்றும் பெண்ணிடமோ அவர்களுக்குப் பிடித்த பாடகர் யார் என்று கேட்டால், விடையாக வரும் பெயர்கள் பலவும் நாம் கேள்விப்படாதவை. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே வகையான வரலாறு இருப்பதைக் காணலாம். கரும்புத் தோட்டம், நெல்வயல், எருமை, தலைநகருக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற பயணம் என்று அது விரியும். தலைநகரின் இசை வணிகம் இந்தக் குரல்களை முதலில் ஏளனம் செய்தது. பின்னர் அவற்றைக் கொண்டே வளர்ந்தது. தாய்லாந்து மக்கள் யாரைக் கொண்டாடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்த வரலாற்றை அறிவது அவசியம்.

‘சந்தைப் பாட்டு’க்குக் கிடைத்த புதுப் பெயர்

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் பாங்காக்கின் வானொலியிலும் நடன அரங்குகளிலும் செல்வாக்குப் பெற்றிருந்தவை, மேலைநாட்டு நடன இசையைத் தழுவிய மென்மையான பாடல்கள். 1939-இல் ஏவா சுந்தோன்சனான் தலைமையில் உருவான ‘சுந்தராபோன்’ இசைக்குழு அதன் முதன்மை அடையாளமாகத் திகழ்ந்தது. ஆற்றில் விளக்குகளை மிதக்கவிடும் லோய் கிராத்தோங் விழாவில் இன்றுவரை நாடெங்கும் ஒலிக்கும் பாடல் இக்குழுவினர் தந்ததே.

அதே காலத்தில் கிராமத்துக் கவலைகளை, கிராமத்து உச்சரிப்பிலேயே பாடியவர்களும் இருந்தனர். அவர்களுடைய பாடல்களை நகரத்தார் ‘சந்தைப் பாட்டு’ என்று அழைத்தனர். அந்தச் சொல்லில் இருந்த இளக்காரத்தை விளக்கத் தேவையில்லை. 1964-இல் சம்னோங் ரங்சிகுன் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் இப்பாடல்களுக்கென ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, அதற்கு ‘லூக் துங்’ என்று பெயர் வைத்தார். ‘லூக்’ என்றால் பிள்ளை; ‘துங்’ என்றால் வயல்வெளி. வயல்வெளியின் பிள்ளைகள் என்ற அந்தப் பெயரே ஓர் இசை வகையின் பெயராக நிலைத்துவிட்டது. நகரத்துப் பாடல்களுக்கு ‘லூக் குருங்’, அதாவது நகரத்தின் பிள்ளைகள், என்ற எதிர்ப்பெயரும் வழக்கில் வந்தது.

இந்த இசையின் ‘மன்னர்’ என்று போற்றப்படுபவர் சுரபோன் சொம்பத்சரோன். பாங்காக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுபன்புரி மாகாணத்தில் 1930-இல் பிறந்தவர். விமானப் படையின் இசைக்குழுவில் பணியாற்றியவர். உள்நாட்டு மெட்டுகளோடு லத்தீன் அமெரிக்கத் தாளங்களையும், அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களின் குரல் உத்திகளையும் தயக்கமின்றிக் கலந்தார். அதனால், கிராமத்துப் பாடல் என்றால் மாறாமல் பாதுகாக்கப்பட்ட பழமை என்று எண்ணிவிடக் கூடாது. தொடக்கத்திலிருந்தே அது கேட்டதையெல்லாம் தனதாக்கிக்கொண்ட கலவை இசைதான். 1968 ஆகஸ்ட் 16 அன்று நக்கோன் பத்தோம் பகுதியில் நிகழ்ச்சியை முடித்துவிட்டுப் புறப்பட்ட சுரபோன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37.

சுபன்புரி என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ‘சுவர்ணபுரி’ என்ற வடசொல்லின் தாய்லாந்து வடிவம் அது; பொன்னகரம் என்று பொருள். இக்கட்டுரையில் அது மீண்டும் மீண்டும் வரப்போகிறது.

குரல் ஏன் அப்படி வளைகிறது?

லூக் துங் பாடலை முதன்முறை கேட்பவர் கவனிப்பது குரலின் நடுக்கத்தையும் வளைவையும்தான். இதற்கு மொழியும் ஒரு காரணம். தாய்லாந்து மொழியில் ஒவ்வோர் அசைக்கும் ஐந்து தொனிகளில் ஒன்று உண்டு. ஒரே எழுத்தொலியை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். எனவே மெட்டமைப்பவருக்கு முழுச் சுதந்திரம் கிடையாது. மெட்டு மேலே போகும் இடத்தில் இறங்கு தொனிச் சொல் வந்தால் பொருள் குழம்பும். நகரத்துப் பாப் பாடல்கள் இந்த விதியைப் பல நேரங்களில் தளர்த்திவிடுகின்றன. கேட்பவர் சூழலை வைத்துப் பொருள் கொள்வார். லூக் துங் பாடகர்களோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரலை இழைத்துச் சென்று, சொல்லின் தொனியையும் மெட்டையும் சேர்த்தே காப்பாற்றுகிறார்கள். தொண்டையில் எழும் சிறு சுழிப்புகளால் சொல்லுக்கு அழுத்தம் தருகிறார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட இந்தக் கலையில் உச்சம் தொட முடிந்தது. அவரைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இந்த இசை பரவியதற்குச் சாலைகளும் காரணம். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க நிதியுதவியுடன் அமைக்கப்பட்டு 1958-இல் திறக்கப்பட்ட ‘மித்ரபாப்’ நெடுஞ்சாலை, வடகிழக்கு மாகாணங்களைத் தலைநகர்ப் பகுதியோடு இணைத்தது. பெயருக்குப் பொருள் நட்புச் சாலை. அதன் வழியே வேலை தேடிக் கூட்டம் கூட்டமாக மக்கள் பாங்காக்குக்கு வந்தனர். டிரான்சிஸ்டர் வானொலியும் அதே காலத்தில் கைக்கெட்டும் பொருளாயிற்று. ஊரை விட்டு வந்தவர்க்கு ஊரைப் பற்றிய பாடல் தேவைப்பட்டது. ஊரில் இருந்தவர்க்கு, பிரிந்து சென்ற மகளையும் காதலனையும் பற்றிய பாடல் தேவைப்பட்டது.

பாடகர்கள் எதிர்த்திசையில் பயணம் செய்தனர். நடனக் குழுவினர், இசைக் கலைஞர்கள், நகைச்சுவை நடிகர்கள் எனப் பெருங்குழுவாக லாரிகளில் புறப்பட்டு, கோயில் திடல்களிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேடை அமைப்பார்கள். பார்வையாளர்கள் மேடையருகே சென்று, பணத்தாள்கள் கோத்த மாலையைத் தங்களுக்குப் பிடித்த பாடகரின் கழுத்தில் அணிவிப்பது வழக்கம். இன்றும் அந்த வழக்கம் உண்டு. 1970-இல் வெளியான ‘மோன்ராக் லூக் துங்’ என்ற திரைப்படம் பாங்காக்கில் ஆறு மாதங்கள் ஓடியபோது, நகரத்துக்குள் எவ்வளவு கிராமம் குடியேறியிருக்கிறது என்பது தலைநகருக்கே புரிந்திருக்க வேண்டும்.

பும்புவாங்: ஒரு பாடகி தெய்வமான கதை

சுபன்புரியின் சோங் பீ நோங் வட்டாரத்தில், கரும்புத் தோட்டக் கூலித் தொழிலாளர்களின் மகளாக வளர்ந்தவர் பும்புவாங் துவாங்சான். 1961 ஆகஸ்ட் 4-இல் பிறந்தவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். பள்ளிப் படிப்பை மிக விரைவில் விட்டவர் என்பதால் எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாது. பாடல் வரிகளைப் பிறர் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்தே பாடினார். உள்ளூர்ப் போட்டிகளில் பாடிக்கொண்டிருந்த சிறுமியை, அதே மாகாணத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற பாடகர் வைபோத் பெத்சுபன் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

1980-களில் பாடலாசிரியர் லோப் புரிராத் எழுதிய பாடல்கள் அவரை உச்சிக்குக் கொண்டு சென்றன. அதுவரை லூக் துங் பாடல்களில் பெண் என்பவள் பெரும்பாலும் வரப்பில் நின்று காத்திருப்பவள், ஏமாற்றப்பட்டு அழுபவள். பும்புவாங் பாடிய பெண்ணோ ஊருக்குச் செல்லும் காதலனுக்குக் கட்டளையிடுகிறாள். அழகான ஆண்மகனைக் கண்டால் வாய்விட்டு வியக்கிறாள். திருமணப் பதிவுக்கு வட்டாட்சி அலுவலக வாசலுக்கு வரச் சொல்கிறாள். நடன அரங்குகளின் மின்னணுத் தாளம் பின்னணியில் ஒலிக்க, பளபளக்கும் உடையில் ஆடியபடியே அவர் பாடினார். தொழிற்சாலைகளிலும் வீட்டு வேலையிலும் இருந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள், முதன்முறையாகத் தங்களுடைய ஆசைகளையும் குறும்பையும் ஒரு கேசட்டில் கேட்டனர். அவர் அடைந்த புகழுக்கு அவருடைய குரல் வளம் எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்கு இந்த மாற்றமும் காரணம் எனலாம்.

1992 ஜூன் 13-ஆம் தேதி, உடலின் தற்காப்பு அமைப்பே உடலைத் தாக்கும் ‘லூபஸ்’ நோயால் பிட்சனுலோக் நகரில் அவர் உயிர் நீத்தார். வயது 30. சோங் பீ நோங்கில் உள்ள தாப் கிராதான் கோயிலில் நடந்த தகனச் சடங்குக்கு இளவரசி சிரிந்தோன் தலைமை தாங்கினார். லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். கரும்பு வெட்டிய குடும்பத்தின் மகளுக்கு அரச குடும்பத்தார் நேரில் வந்து விடைகொடுத்தது, ‘சந்தைப் பாட்டு’ என்ற பழைய இளக்காரத்துக்கு விழுந்த கடைசி அடி.

அதன்பின் நடந்ததுதான் வியப்புக்குரியது. கோயிலில் அவருக்குச் சிலைகள் வைக்கப்பட்டன. மக்கள் உடைகளையும் அழகு சாதனப் பொருட்களையும் படைத்து வேண்டிக்கொள்ளத் தொடங்கினர். தாய்லாந்தில் அரசு லாட்டரிக் குலுக்கல் மாதந்தோறும் 1, 16 ஆகிய தேதிகளில் நடைபெறும். அதற்கு முன்பாக, வெற்றி எண்ணை அவர் குறிப்பால் உணர்த்துவார் என்ற நம்பிக்கையில் பலர் அங்கு வருகின்றனர். ஏழையாகப் பிறந்து உயர்ந்தவர் ஏழைகளைக் கைவிட மாட்டார் என்பது அந்த நம்பிக்கையின் அடிப்படை. அவருடைய வாழ்க்கை 2011-இல் ‘பும்புவாங்’ என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது.

ஈசானியத்தின் இசை

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு ‘ஈசான்’ என்று பெயர். வடகிழக்கு மூலையை ஈசானிய மூலை என்று சொல்லும் நமக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாழும் இப்பகுதி, நீண்ட காலமாக ஏழ்மைக்கும் வறட்சிக்கும் பெயர்பெற்றது. இங்கு பேசப்படுவது அண்டை நாடான லாவோஸின் மொழிக்கு மிக நெருக்கமான மொழி.

இவர்களின் பாட்டுக் கலை ‘மோர் லாம்’ எனப்படும். ‘மோர்’ என்பது வல்லுநரையும், ‘லாம்’ என்பது சொல்லின் தொனியை ஒட்டிப் பாடும் முறையையும் குறிக்கும். மூங்கில் குழாய்களை அடுக்கிச் செய்த ‘கேன்’ என்ற ஊதுகருவியும், ‘பின்’ என்ற நரம்புக் கருவியும் இதற்குத் துணை. ‘பின்’ என்ற பெயர் ‘வீணை’ என்பதன் திரிபு. இன்று அந்தப் ‘பின்’ மின்சார கிதாரைப் போல ஒலிபெருக்கியில் இணைக்கப்பட்டு, திருவிழா ஊர்வலங்களில் தெருவையே அதிரவைக்கிறது. சின்தாரா பூன்லாப், சிரிபோன் அம்பைபோங் போன்ற பாடகியர் லூக் துங்கையும் மோர் லாமையும் இணைத்துப் பாடி நாடு முழுவதும் புகழ் பெற்றனர். பாங்காக்கின் வாடகைக் கார்களில் ஒலிப்பது பெரும்பாலும் இந்தக் கலவைதான். ஓட்டுநர்களில் மிகப் பலர் ஈசானிலிருந்து வந்தவர்கள்.

எருமையின் பெயரில் ஓர் இசைக்குழு

கிராமத்து மக்கள் பாடிய பாடல்கள் ஒருபுறம் இருக்க, அவர்களுக்காகப் பாடுகிறோம் என்று மாணவர்கள் உருவாக்கிய இசை வகை ஒன்றும் உண்டு. ‘வாழ்வுக்கான பாடல்கள்’ என்பது அதன் பெயர். 1973 அக்டோபர் 14 அன்று மாணவர் எழுச்சி தானோம் கிட்டிகாசோனின் ராணுவ ஆட்சியை வீழ்த்தியது. அந்தக் கொந்தளிப்பில் பிறந்தது ‘காரவான்’ குழு. இரண்டு சிறு குழுக்கள் இணைந்து உருவானது அது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘பங்களாதேஷ்’ என்பது நமக்குச் சுவையான செய்தி. சுராசாய் சந்திமாதோன் தலைமையில் அவர்கள் பாடிய ‘மனிதனும் எருமையும்’ என்ற பாடல், உழவனின் உழைப்பு யாருக்குப் போகிறது என்று கேட்டது.

மூன்றே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1976 அக்டோபர் 6 அன்று பாங்காக்கின் தம்மசாத் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் அரசுக் கணக்கின்படியே 46 பேர் உயிரிழந்தனர். காரவான் குழுவினர் காட்டுக்குள் சென்று கம்யூனிஸ்ட் இயக்கத்தாருடன் தங்கினர். பின்னர் அரசு பொது மன்னிப்பு அறிவித்ததையடுத்துத் திரும்பி வந்து, 1982-இல் யுனிசெப் அமைப்புக்காக நடந்த நிகழ்ச்சியில் மீண்டும் மேடையேறினர். தலைமறைவாக வாழ நேர்ந்த சுராசாய்க்கு 2010-ஆம் ஆண்டுக்கான ‘தேசியக் கலைஞர்’ விருதை அதே நாட்டின் அரசு வழங்கியது.

காரவான் விட்ட இடத்திலிருந்து அந்த இசையைப் பெருந்திரளிடம் கொண்டு சேர்த்தவர்கள் ‘காராபாவ்’ குழுவினர். தலைவர் ‘ஏட்’ எனப்படும் யுவன்யோங் ஓபாகுன், இவரும் சுபன்புரிக்காரர். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் படித்தபோது சக மாணவர்களோடு சேர்ந்து குழுவைத் தொடங்கினார். ‘காராபாவ்’ என்பது அந்நாட்டு மொழியில் உழவுக்குப் பயன்படும் எருமையைக் குறிக்கும் சொல். தாய்லாந்திலும் நம்மூரைப் போலவே ஒருவரை ‘எருமை’ என்றால் அது வசைச்சொல். அந்த வசையையே சின்னமாகச் சூடிக்கொண்டு, எருமைத் தலையைக் கொடியில் பொறித்தார்கள்.

1984-இல் வெளியான அவர்களின் ‘மேட் இன் தாய்லாந்து’ தொகுப்பு, அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற இசைத் தொகுப்புகளில் ஒன்று. உள்நாட்டுப் பொருளை மதிக்காமல், வெளிநாட்டு முத்திரை இருந்தால் மட்டுமே வாங்கும் மனப்பான்மையைத் தலைப்புப் பாடல் கேலி செய்தது. ராக் இசையின் வேகமும் கிராமிய மெட்டின் இனிமையும் சேர்ந்திருந்ததால் மாணவரும் பாடினர், லாரி ஓட்டுநரும் பாடினார்.

அதே ஏட், 2002-இல் தொழிலதிபர்களுடன் இணைந்து ‘காராபாவ் டாங்’ என்ற ஊக்கபானத்தை அறிமுகப்படுத்தினார். அந்நிறுவனம் 2014-இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2017 முதல் இங்கிலாந்தின் லீக் கோப்பைக் கால்பந்துப் போட்டி ‘காராபாவ் கோப்பை’ என்ற பெயரில் நடைபெறுகிறது. லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி அணிகளின் ரசிகர்கள் உச்சரிக்கும் பெயர், உழைப்பாளிகளுக்காகப் பாடிய ஓர் இசைக்குழுவின் பெயர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதலாளித்துவத்தைச் சாடியவர் முதலாளி ஆகிவிட்டார் என்ற விமர்சனம் தாய்லாந்திலேயே உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவரது நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் குறையவில்லை.

கேசட் காலமும் ‘பேர்ட்’ என்ற பறவையும்

1983-இல் பைபூன் தம்ரோங்சைதாம், இசையமைப்பாளர் ரெவாத் புத்தினான் ஆகியோர் ‘கிராமி’ நிறுவனத்தைத் தொடங்கினர். பாடலை உருவாக்குவது, பாடகரின் தோற்றத்தை வடிவமைப்பது, தொலைக்காட்சியில் காட்டுவது, கேசட்டை விற்பது என அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது இந்நிறுவனம். இதன் மிகப் பெரிய நட்சத்திரம் தோங்சாய் மெக்இன்டயர். ஸ்காட்லாந்து வழி வந்த தந்தைவழிப் பாட்டனாரால் கிடைத்தது அந்தக் குடும்பப் பெயர். மக்களுக்கு அவர் ‘பேர்ட்’, அதாவது பறவை. தாய்லாந்தில் பிறந்ததும் சூட்டும் செல்லப் பெயரே வாழ்நாள் முழுதும் புழங்கும் என்பதால், ஏட், பேர்ட், தூன் என்று சுருக்கமான பெயர்களிலேயே பாடகர்கள் அறியப்படுகின்றனர்.

வங்கி ஊழியராக இருந்த பேர்ட், 1986-இல் முதல் தொகுப்பை வெளியிட்டார். 1990-இல் ‘கூ காம்’ என்ற தொலைக்காட்சித் தொடரில், உலகப் போர்க் காலத்தில் பாங்காக்கில் பணியாற்றும் ஜப்பானிய அதிகாரியாக நடித்தபோது நாடே அதைப் பார்த்தது. ஆனால், நம் கதைக்கு முக்கியமானது 2002-இல் அவர் வெளியிட்ட தொகுப்பு. அதில் ஈசான் பாடகி சின்தாரா பூன்லாப்புடன் சேர்ந்து அவர் பாடினார். பாங்காக்கின் மிகப் பெரிய பாப் நட்சத்திரம், மோர் லாம் பாடகியைத் தேடிச் சென்று உடன் பாடிய அந்தத் தொகுப்பு அவரது மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாயிற்று. 1997-இல் தாய்லாந்தில் வெடித்த நிதி நெருக்கடியில் நகரத்துப் பெருமிதம் ஆட்டம் கண்டிருந்தது. வேலை இழந்த பலர் ஊர் திரும்பினர். கிராமத்துப் பாடலை ரசிப்பது நகரத்தார்க்கும் அப்போது நாகரிகமாகிவிட்டது.

1990-களின் நடுவில் ராக் குழுக்களின் அலை எழுந்தது. சூலாலோங்கோன் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ‘மாடர்ன் டாக்’ ஒரு முனை. மறுமுனையில் ‘லோசோ’. உயர்தட்டு மக்களைப் பாங்காக்கில் ‘ஹை-சோ’ என்பார்கள். அதற்கு எதிராக, தாங்கள் அடித்தட்டு மக்கள் என்று அறிவித்த பெயர் அது.

அடுத்த தலைமுறையின் ‘பாடிஸ்லாம்’ குழுவின் பாடகர் ‘தூன்’ எனப்படும் ஆர்த்திவரா கோங்மாலாய். சொன்னால் நம்புவது கடினம். இவரும் சுபன்புரியில் பிறந்தவர்தான். 2017 நவம்பர் 1 அன்று நாட்டின் தென்கோடியான பேத்தோங்கில் ஓடத் தொடங்கி, டிசம்பர் 25 அன்று வடகோடியான மே சாயில் முடித்தார். கடந்த தூரம் சுமார் 2,191 கிலோமீட்டர். 11 அரசு மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்க 70 கோடி பாட் திரட்டுவது இலக்கு. திரண்டதோ 100 கோடிக்கும் மேல். சாலையோரம் காத்திருந்த முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சில்லறையும் தாள்களுமாக அவர் கையில் கொடுத்தனர். மேடையருகே சென்று பாடகருக்குப் பண மாலை அணிவித்த பழைய வழக்கத்தின் நீட்சியாகவே இதைப் பார்க்கத் தோன்றுகிறது. அரசு மருத்துவமனைக்கு ஒரு பாடகர் ஏன் ஓடிப் பணம் திரட்ட வேண்டும் என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது.

புரிராமிலிருந்து சியோலுக்கு

இனி நமக்குத் தெரிந்த லிசாவுக்கு வரலாம். 1997-இல் ஈசானின் புரிராம் மாகாணத்தில் பிறந்த லலிசா மனோபான், 2010-இல் தென்கொரிய நிறுவனம் ஒன்று தாய்லாந்தில் நடத்திய தேர்வில் வென்று, மறு ஆண்டே பயிற்சிக்காகச் சியோல் சென்றார். 2016 ஆகஸ்டில் ‘பிளாக்பிங்க்’ அறிமுகமானது. முந்தைய தலைமுறை ஈசானிலிருந்து பாங்காக்குக்குப் பயணம் செய்தது. லிசாவின் பயணம் பாங்காக்கையும் தாண்டியது, அவ்வளவே. ‘2பிஎம்’ குழுவின் நிச்குன், ‘காட்7’ குழுவின் பேம்பேம் போன்றோரும் இதே வழியில் கொரியா சென்றவர்கள்.

2021 செப்டம்பரில் வெளியான அவரது முதல் தனிப்பாடல் காணொலியில், தாய்லாந்தின் மரபு நடனத்துக்குரிய கூம்பு வடிவ மகுடம் அணிந்து தோன்றினார். ஊருக்குப் போனால் புரிராம் ரயில் நிலையத்தருகே விற்கும் இறைச்சி உருண்டைகளைச் சாப்பிட ஆசை என்று ஒரு பேட்டியில் கூறினார். உடனே அந்தத் தள்ளுவண்டிகளின் முன் கூட்டம் அலைமோதியது. 2024-இல் ‘ராக்ஸ்டார்’ பாடலைப் பாங்காக்கின் சீனர் வீதியான யாவராத்தில் படமாக்கினார். அந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர்.

இந்த வகை ‘மென்வலிமை’யில் அரசுகளுக்கு இப்போது பெரும் ஆர்வம். ஆனால், பாடகர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து அந்த ஆர்வம் மாறுகிறது. ராப் பாடகி மில்லி, 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா விழா மேடையில் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் கலந்த தாய்லாந்து இனிப்பைச் சாப்பிட்டுக் காட்டினார்; மறுநாளே பாங்காக் கடைகளில் அதன் விற்பனை எகிறியது, அரசுத் தரப்பும் பாராட்டியது. அதே மில்லிக்குத்தான், அன்றைய பிரதமர் பிரயுத் சான்-ஓ-சாவை இணையத்தில் இழிவுபடுத்தியதாக 2021 ஜூலையில் 2,000 பாட் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது.

இதற்கும் முன்பே, 2018 அக்டோபரில் ‘சர்வாதிகாரத்துக்கு எதிரான ராப்’ என்ற குழு, ‘என் நாட்டில் இருப்பவை’ என்ற பொருள்படும் பாடலை வெளியிட்டது. ராணுவ ஆட்சி நடந்த நேரம் அது. மரத்தில் தொங்கும் உடலும் அதைச் சூழ்ந்து நிற்கும் கூட்டமுமாக, 1976 தம்மசாத் படுகொலையின் மறக்க முடியாத புகைப்படம் காணொலியில் மீண்டும் உயிர்பெற்றது. காவல்துறை நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகே பார்வைகள் வேகமாகக் கூடி ஒரு கோடியைத் தாண்டின. இறுதியில் காவல்துறை பின்வாங்கியது. மறு ஆண்டு அக்குழுவுக்கு வாக்லாவ் ஹாவெல் பெயரிலான சர்வதேச விருது கிடைத்தது. 2021 ஜனவரியில் அவர்களின் மற்றொரு பாடல், அரசின் புகாரை அடுத்துத் தாய்லாந்தில் யூடியூபில் முடக்கப்பட்டது.

இன்றைய பதின்பருவத்தினரின் பட்டியல் இன்னும் நீளமானது. ஜப்பானியக் குழு ஒன்றின் கிளையாக 2017-இல் தொடங்கிய ‘பிஎன்கே48’, அதன் பின்னர் வந்த ‘4ஈவ்’ போன்ற பெண்கள் குழுக்கள், தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துக்கொண்டே பாடும் ஜெப் சாட்டர் போன்றோர், நியூசிலாந்தில் வளர்ந்து ஆங்கிலத்தில் பாடும் பும் விபுரித் எனப் பல வகையினர் அதில் உண்டு. இவர்களில் யார் இருபது ஆண்டுகள் கழித்தும் பாடப்படுவார்கள் என்பதை இப்போதே சொல்ல இயலாது.

சுபன்புரி 2023-இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசை நகரமாகச் சேர்க்கப்பட்டது. சுரபோன், பும்புவாங், ஏட், தூன் ஆகிய நால்வரின் பெயர்களை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அந்தத் தகுதியை யாரும் மறுக்க மாட்டார்கள். தாய்லாந்து செல்லும் இந்தியர்கள் இந்த இசையை நேரில் கேட்க விரும்பினால் காலத்தைப் பார்த்துச் செல்ல வேண்டும். பௌத்தத் துறவிகள் மடங்களில் தங்கும் மழைக்கால நோன்பு மாதங்களில் லூக் துங் குழுக்களின் ஊர்ப் பயணம் குறைவு. அக்டோபர் வாக்கில் நோன்பு முடிந்ததும் கோயில் விழாக்கள் தொடங்கும், லாரிகள் புறப்படும். பும்புவாங்கின் நினைவு நாளான ஜூன் 13-ஐ ஒட்டி தாப் கிராதான் கோயிலில் ஆண்டுதோறும் ரசிகர்கள் கூடுகின்றனர். அவருடைய பாடல்களைப் பாட அங்கு மேடையும் அமைக்கப்படுகிறது.